மொராக்கோவுக்குப் பதிலா

ஒரு நாள் காலை எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி இல்லை. வேறு வீடாக இருந்தால் அன்றைக்கு ரசம் இருந்திருக்காது. அக்கா, யாருடைய கைப்பையிலோ கிடந்த ஆரஞ்சு மிட்டாய்களை எடுத்து வெந்நீரில் கரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுத் தாளித்துவிட்டாள்.

"புளிப்புதானே வேணும். கீது பாரு" என்றாள்.

இருந்தது. கூடவே குழந்தைகளின் பிறந்தநாள் விழா வாசனையும் இருந்தது. நாங்கள் அதையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறினோம். அக்காவின் சமையலுக்குப் பசியைப் போல உண்மையான ரசிகர் வேறு யாரும் கிடையாது.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, எங்களைப் போன்ற வெளியூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தாள் அக்கா. எல்லோருக்கும் ஒரே கம்பெனி. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிற இடம். நாங்கள் லைனில் உட்கார்ந்து ஒயர் சொருகுகிறவர்கள். அக்கா எங்கள் லைன் லீடர்.

'இல்லை' என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. ஒரு பொருள் இல்லை என்று யாராவது சொன்னால், தன்னை யாரோ திட்டியதுபோல முகம் சிவக்கும். "இல்லன்னா இன்னா? அதுக்குப் பதிலா ஒண்ணு இல்லாமலா பூடும்?" என்பாள். பிறகு தேட ஆரம்பிப்பாள். அதன்பின் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போனால் வெந்நீர்ப் பாத்திரத்தை அடியில் துணி சுற்றித் தேய்ப்பாள். மிக்ஸி மூடி உடைந்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைத்து ஒருத்தி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. மதுரைப் பக்கத்திலிருந்து சுகந்தி என்ற பெண் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் நாள், அவசரத்தில் அவள் ஜாக்கெட் ஊக்கு பிய்ந்துவிட்டது. அக்கா ஸ்டேப்ளரை எடுத்து மூன்று அடி அடித்து அனுப்பினாள். அன்றைய ஷிப்ட் முழுவதும் சுகந்தி கையைத் தூக்கவில்லை. புதுப்பெண் ரொம்ப அடக்கம் என்று சூபர்வைசர் மெச்சிக்கொண்டார்.

இப்படிப்பட்டவள் கம்பெனி வாசலைத் தாண்டியதும் வேறு ஆள். நீல ஒயர் போட வேண்டிய இடத்தில் ஒருத்தி வெளிர்நீல ஒயரைச் சொருகிவிட்டால் லைனையே நிறுத்துவாள். "ரெண்டும் நீலம்தானேக்கா" என்று ஒரு முறை நான் கேட்டுவிட்டேன்.

"வண்டில போறவன் கிட்ட போய் சொல்லு. பிரேக் லைட்டுக்குப் பதிலா வைப்பர் ஓடும்னு" என்றாள்.

அதே வாயால்தான் அன்று சாயங்காலம் எங்களுக்குத் தேங்காய்க்குப் பதிலாக மாரி பிஸ்கட் அரைத்துவிட்ட குருமா வைத்தாள்.

பொருள்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்களுக்கும் பதில் வைப்பாள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வீட்டிலிருந்து யாராவது பெரியவர்கள் வர வேண்டும் என்றார் டாக்டர். விழுப்புரத்திலிருந்து அம்மா வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அக்கா சீருடையோடு உள்ளே வந்து, "நான்தான் சார் அம்மா" என்றாள். டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பத்து வயதுகூட வித்தியாசம் இருக்காது. "சின்ன வயசுலயே கட்டிக் குட்த்துட்டாங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டாக்டர் கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிரிக்காமல் இருப்பதில் கெட்டிக்காரர்.

அவளுடைய சொந்தக் கதையைக் கேட்டால் மட்டும் சுருக்கமாக முடித்துவிடுவாள். ஊர் பென்னலூர். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. அவ்வளவுதான். கம்பெனிகள் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டுக்காரருக்கும் எங்கேயாவது ஒரு வேலை இருந்ததால் நாங்களும் மேலே கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் சுகந்தி காதலித்தாள். பையன் பிரகாஷ், காஞ்சிபுரத்துக்காரன், பக்கத்துக் கார் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தான். நல்லவன். ஒரே குறை, கம்பெனி அவனை நான்கு மாதம் மொராக்கோவுக்கு அனுப்பியிருந்தது. அங்கே புதிதாக ஒரு லைன் போட உதவிக்குப் போனவன், ஊரையே தான்தான் நிர்மாணித்துவிட்டு வந்தவன்போலப் பேசினான். டீக்கடையில் டீ குடித்தால், அங்கே புதினா போட்டுக் கொடுப்பார்கள் என்பான். வெயில் அடித்தால், அங்கே இது வேறு மாதிரி அடிக்கும் என்பான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோழிக்குழம்பு. மண்சட்டியில், எலுமிச்சையும் பழமும் போட்டு, மெல்ல மெல்ல வேக வைப்பது. அதைச் சாப்பிட்ட நாக்கு வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதாம்.

சுகந்தி வீட்டில், பையன் வேறு சாதி என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்தால் காலை ஒடிப்போம் என்று சொல்வதற்கு மட்டும் ஒரு தடவை போன் செய்தார்கள். பிரகாஷின் அம்மா இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "பொண்ணு பக்கம் பேச ஒரு பெரியவங்க வேணும். அனாதை மாதிரி கூட்டினு வர முடியாது" என்றாராம்.

சுகந்தி சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குன்னு யாருக்கா இருக்கா, சொல்லுங்க. யாரும் இல்லயே."

இல்லை என்ற சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

"நான் கீறேன்" என்றாள் அக்கா. "ஒங்கம்மாவோட அக்கா நான். உனுக்குப் பெரியம்மா. ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அந்தக் கோழிக்கொழம்பயே வச்சிடலாம். பையன் நாக்கு அடங்கட்டும்."

சனிக்கிழமை பிரகாஷ் செய்முறை வீடியோ ஒன்றை அனுப்பினான். நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கோழி, வெங்காயம், பூண்டு வரையில் உலகம் ஒன்றாக இருந்தது. பிறகு பிரிய ஆரம்பித்தது. உப்பில் மாதக்கணக்கில் ஊறிய எலுமிச்சை. ஆலிவ் காய். காய வைத்த ஆப்ரிகாட் பழம். குங்குமப்பூ. பாதாம். தேன். கூம்பு மாதிரி மூடி போட்ட ஒரு மண்சட்டி. தொட்டுக்கொள்ள, கூஸ்கூஸ் என்று ஒன்று. என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். இந்த ரோட்டில் கொரியாக்காரர்களுக்கென்று கடை இருக்கிறது, ஜப்பான்காரர்களுக்கென்று கடை இருக்கிறது. கடல் பாசியில் பத்து வகை வாங்கலாம். மொராக்கோக்காரன் மட்டும் இன்னும் இங்கே கம்பெனி ஆரம்பிக்கவில்லை. வெறுங்கையோடு வந்து, "ஒண்ணுமே இல்லக்கா" என்றேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகினாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

ஊறிய எலுமிச்சைக்குப் பதிலாக எங்கள் ஊறுகாய் பாட்டில் வந்தது. காரம் போகக் குழாயடியில் மூன்று தடவை கழுவினாள். ஆலிவுக்குப் பதிலாக, பஸ் ஸ்டாப்பில் உப்புத் தண்ணீரில் நெல்லிக்காய் விற்கும் அம்மாவிடமிருந்து களாக்காய். ஆப்ரிகாட்டுக்குப் பதிலாகப் பெட்டிக்கடை இலந்தை வடை. பாதாமுக்கு வேர்க்கடலை, தேனுக்கு வெல்லப்பாகு. குங்குமப்பூ நிறத்துக்குத்தானே என்று கேசரிப் பவுடர். கூஸ்கூஸைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கோதும ரவ உப்புமா. பேர மாத்தி வச்சிகினு கீறான்" என்று முடித்தாள். கூம்பு மூடிக்காக மொட்டை மாடியிலிருந்து ஒரு பூந்தொட்டி இறங்கி வந்தது. தேய்த்துக் கழுவியதுதான் என்று சத்தியம் செய்தாள். அதில் இருந்த மணிபிளான்ட் எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

பிரகாஷ் வீடியோ காலில் பார்த்துவிட்டுப் பதறினான். "அக்கா, அந்த எலுமிச்சதான் முக்கியம். ஊறுகா போட்டா டேஸ்டே மாறிடும்."

"தம்பி, நீ அங்க சமைச்சியா, தின்னியா?"

"தின்னேன்."

"அப்ப வாய மூடிக்கினு இரு. நாளைக்கு வந்து அதயே செய்யி."

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். மாமன் லாரி வைத்திருப்பவர். இந்தப் பக்கத்து வயல்களை மேடாக்கிக் கம்பெனி கட்ட மண் அடித்தவர்களில் ஒருவர். அக்கா பட்டுப்புடவை கட்டி, பெரியம்மா வயது தெரிவதற்காகக் காதோரம் கொஞ்சம் விபூதியைத் தடவி நரைக்க வைத்திருந்தாள். வாசலிலேயே கையைக் கூப்பி, "வாங்கத்தா, உக்காருங்கத்தா, சவுக்கியமாத்தா" என்றாள். மதுரைக்காரியாகிவிட்டாள் என்று அர்த்தம். டிவி தொடர்களில் கற்றது. சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மதுரை ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பால் பொங்கியது. "ஏ இன்னாடி பாத்துகினு கீற, அடுப்ப அணை" என்று கத்திவிட்டாள். பிரகாஷின் அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"உங்க தங்கச்சி பொண்ணு மதுரப் பேச்சு பேசுது. நீங்க எங்கூர்ப் பேச்சு பேசறீங்களே."

"வேலைக்கு வந்து ரொம்ப வருசம் ஆயிடிச்சில்லமா. நாக்கு மாறிடிச்சி."

அந்த அம்மா தலையாட்டினார். நம்பியதற்கான ஆட்டம் அல்ல அது.

இலை போட்டோம். பூந்தொட்டியைத் தூக்கியதும் ஆவி கூரை வரை போனது. கோழி, ரோட்டு வேலைக்காரர்கள் போடும் சட்டையைப் போல ஜொலித்தது. அக்கா முதல் கரண்டியை அந்த அம்மாவின் இலைக்குக் கொண்டுபோனாள். அவர் கையால் இலையை மறைத்தார்.

"நான் கவுச்சி தொட்றதில்லம்மா. இவன் கல்யாணம் முடியற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டினு கீறேன். இவன் சொல்லல?"

மொராக்கோவின் வெயில் எந்தப் பக்கமாக அடிக்கும் என்பது வரை சொல்லியிருந்த பிரகாஷ் இதைச் சொல்லவில்லை. கல்யாணத்தை முடிப்பதற்காக வைத்த குழம்பைக் கல்யாணம் முடிந்தால்தான் சாப்பிட முடியும். சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா அசரவே இல்லை. "அதுக்கு இன்னாமா, பத்து நிமிசம்" என்று உள்ளே போனாள். புதிதாக ஒரு சட்டியை அடுப்பில் ஏற்றி, கோழிக்குப் பதிலாக மீல்மேக்கரை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, மீதமிருந்த மொராக்கோச் சாமான்களையெல்லாம் அதன் தலையில் கொட்டினாள்.

இதற்குள் மாமன் கோழியை ஆரம்பித்திருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டு யோசித்தார். "காரக்கொழம்புல யாரோ பாயசத்தக் கொட்டிட்ட மாதிரி கீது. ஆனா நல்லா கீது" என்று மறுபடி கேட்டு வாங்கினார். பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். மொராக்கோவை நினைத்தானா, மறக்க முயன்றானா என்று தெரியவில்லை. எனக்கு இலந்தை வடை அகப்பட்டது. கோழியோடு அதற்கு எந்தப் பகையும் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

அக்கா குனிந்து மீல்மேக்கர் பரிமாறியபோதுதான் மாமன் அவளை நேராகப் பார்த்தார். கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார்.

"நீ பென்னலூர் பொண்ணுதானே? ஏரிக்கர தெரு. உங்கப்பா நெலத்துக்கு நான்தானே மண்ணு அடிச்சேன். உன்ன வுட்டுட்டு வாலாஜாபாத்துல இன்னொருத்திய வச்சிகினு கீறானே, அவன் பொஞ்சாதிதானே நீ?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்த முகத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். சில மனிதர்களின் சந்தோஷம் அப்படித்தான், அடுத்தவர் கால் மேல் லாரி ஏறியது தெரியாது.

வெளியூரில் வேலை செய்கிற வீட்டுக்காரரைப் பற்றி எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அக்காவையே பார்த்தேன். இதற்கும் ஏதாவது ஒன்றைப் பதிலாக எடுத்து வைப்பாள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சொல்வது என் தங்கை, என்னைப் போலவே இருப்பாள் என்றாவது சொல்லியிருக்கலாம். எங்களுக்கே தோன்றியது அவளுக்குத் தோன்றாதா.

கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "ஆமாண்ணா. அவன் பொஞ்சாதிதான்" என்றாள். பிறகு அந்த அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இதுக்குப் பெரியம்மாவும் இல்ல, சின்னம்மாவும் இல்லமா. கூட வேல செய்யறவ. இதப் பெத்தவங்க வரமாட்டாங்க. ஒங்க பையன் வேற சாதின்னு கால ஒடிப்போம்னு சொல்லிகினு கீறாங்க. யாருமே இல்லாம ஒக்கார வெக்க வேணாமேன்னு நான் ஒக்காந்துட்டேன். பொண்ணு நல்ல பொண்ணு. நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்."

அந்த அம்மா தன் இலையைப் பார்த்தார். "அப்ப இது?" என்று கேட்டார்.

"இது மீல்மேக்கர்தாம்மா. தனி சட்டி, தனி கரண்டி. சாமி விசயத்துல நான் வெளையாட மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றார். அந்த உருண்டையில்தான் கல்யாணம் நிச்சயமானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அவரிடம் இன்னொரு நிபந்தனை பாக்கியிருந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"முருகன் கோயில்லயே முடிச்சிடலாம். தாரை வாக்கறதுக்கு மட்டும் புருசன் பொஞ்சாதியா ஜோடி நிக்கணும். நீ தப்பா எடுத்துக்காதம்மா. என் தம்பியும் அவன் சம்சாரமும் பொண்ணப் பெத்தவங்க எடத்துல நிக்கட்டும்."

அதாவது, மாப்பிள்ளையின் மாமனே பெண்ணுக்கு அப்பா. இரண்டு பக்கமும் ஒரே வீட்டு ஆள். இதில் எந்தக் குறையும் அவருக்குத் தெரியவில்லை. புருஷன் விட்டுப் போனவள் நிற்பதில் மட்டும் குறை தெரிந்தது.

"நல்லதுதானேமா. ஜோடியா நின்னாத்தான் லட்சணம்" என்றாள் அக்கா. அவர்கள் போன பிறகு காதோரத்து விபூதியைத் துடைத்துவிட்டு, பூந்தொட்டியைக் கழுவ உட்கார்ந்தாள். சுகந்தி பக்கத்தில் போய், "நீங்க இல்லாம எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்க்கா" என்றாள்.

"பைத்தியம். அவங்க ஒத்துகினதே பெருசு. போயி மீதிக் கோழிய ஃப்ரிட்ஜில வை" என்றாள்.

கல்யாணத்தன்று எனக்குக் காலை ஷிப்ட். சுகந்தியும் இல்லாமல் நானும் இல்லாமல் லைன் ஓடாது என்றார் சூபர்வைசர். "இவ எடத்துல நான் ஒக்கார்றேன் சார்" என்று அக்கா சொல்லிவிட்டாள். லைன் லீடர் போய் ஒயர் சொருகுவது, தலைமை ஆசிரியர் போய் ஒன்றாம் வகுப்பில் உட்கார்வது மாதிரி. "நீயும் வாக்கா, வேற யாரையாவது போடலாம்" என்றேன். "நீ போயி அது பக்கத்துல நில்லு. தனியா நிக்கிதுன்னு தோணக்கூடாது" என்று சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வல்லக்கோட்டையில் எல்லாம் முறைப்படி நடந்தது. மாமனும் அவர் மனைவியும் ஜோடியாக, லட்சணமாக நின்றார்கள். தாரை வார்க்கும்போது ஐயர் பெண்ணின் பெயர் கேட்டார். பெண்ணைப் பெற்றவர்களாக நின்ற இருவரில் ஒருவர் சுமதி என்றார், மற்றவர் சுகுணா என்றார். சுகந்தியே தன் பெயரைச் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து காஞ்சிபுரம் போக எல்லோரும் வேனில் ஏறினோம். ஒரகடம் தாண்டியதும் சுகந்தி, "அத்தே, ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள். கம்பெனி கேட் வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக இறங்கிப் போனவளிடம் செக்யூரிட்டி ஐடி கார்டு கேட்டார். கடமை உணர்ச்சி இந்த ரோட்டில் எப்போதும் அதிகம்.

அக்கா நீலக் கோட்டோடு, வியர்த்த முகத்தோடு வந்தாள். சுகந்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சுகந்தி பிரகாஷையும் இழுத்துக்கொண்டு குனிந்தாள். அக்கா சட்டென்று பின்னால் போனாள்.

"ஏய், என் கால்ல வுழக்கூடாது. ஆகாது. எய்ந்திரு."

"எனக்கு ஆகும். பேசாம நில்லுங்க" என்றாள் சுகந்தி. அவளை ஸ்டேப்ளர் அடித்து அனுப்பிய நாளிலிருந்து அக்காவை எதிர்த்து அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

இருவரும் தார் ரோட்டில் விழுந்தார்கள். வேன் ஜன்னல் வழியாக மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் எஞ்சினை உறும விட்டான். "ஆஃப் பண்ணுப்பா" என்றார் அவர்.

ஆசீர்வாதம் செய்யத் தூவுவதற்கு ஏதாவது வேண்டும். அக்கா கோட்டின் இந்தப் பையில் கையை விட்டாள். அந்தப் பையில் விட்டாள். சுற்றிலும் பார்த்தாள். அரிசிக்குப் பதிலாக, பூவுக்குப் பதிலாக எதையாவது அவள் எடுத்துவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் வெறுங்கையை சுகந்தியின் தலையில் வைத்தாள்.

கம்பெனி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அக்கா கையை எடுக்கவில்லை.